பழசாக இருப்பதற்கு ஒரு விண்ணப்பம்

மெல்பேர்ணில் ஒரு கார் பழசு என்று நிரூபிப்பது இலேசான வேலையில்லை. கார் தன் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்துதான் வைத்திருக்கும். கதவு கிரீச்சிடும், எஞ்சின் எண்ணெய் நிலத்தில் சொட்டும், மழைக்குக் காலடியில் தண்ணீர் தேங்கும். அதெல்லாம் சாட்சியாகாது. விக்ரோறியா மாநிலத்தில் இதற்கென்று கிளப் பேர்மிட் என்றொரு ஒழுங்கு இருக்கிறது. வண்டிக்கு 25 வயது தாண்டியிருக்க வேண்டும். சொந்தக்காரர் அங்கீகாரம் பெற்ற ஒரு கார் கிளப்பில் சந்தா கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும். கிளப்பில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் வண்டியைப் பார்த்து, தகுதியானதுதான் என்று ஒப்பமிட வேண்டும். பிறகு படிவங்கள், படங்கள், பரிசோதகரின் சான்றிதழ். எல்லாம் சரிவந்தால் சிவப்பு நிற இலக்கத் தகடும் ஒரு சின்னப் புத்தகமும் கிடைக்கும். முழுப் பதிவுக்குக் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான் செலவு. ஆனால் வருடத்தில் 45 நாள், கூடக் கட்டினால் 90 நாள், அவ்வளவுதான் காரை வீதியில் இறக்கலாம்.

நான் இந்த ஒழுங்கில் பதிந்தது ஒரு மொறிஸ் மைனர் 1000. சிட்னியில் செற்லண்ட் என்ற இடத்தில் இருந்த பிஎம்சி தொழிற்சாலையில் 1950களின் கடைசியில் பூட்டிய வண்டி. அதை எனக்கு விற்ற முதியவர் சாவியோடு ஒரு பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளையும் தந்தார். வாங்கிய நாள் தொடக்கம் மாற்றிய ஒவ்வொரு பிளக்குக்கும் ஒவ்வொரு ரயருக்கும் துண்டு இருந்தது. பெட்டியைக் கையில் வாங்கியபோது எனக்குச் சின்ன மாமாவின் கார்தான் நினைவுக்கு வந்தது. அதற்கும் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. அதில் எழுதியிருந்த நிறமும் காரின் நிறமும் வேறு, எஞ்சின் இலக்கமும் வேறு. இலக்கத் தகடு மட்டும்தான் பொருந்தும்.

கிளப்பின் மாதக் கூட்டத்துக்குப் போன முதல் இரவு என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். புது உறுப்பினர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதானாம்: மொறிஸ்மேல் எப்படிக் காதல் வந்தது? எனக்கு முந்தியவர் தன் தகப்பன் தன்னைப் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே ஒரு மைனரில்தான் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார். நான், யாழ்ப்பாணத்தில் என் மாமாவிடம் ஒன்று இருந்தது என்றேன். அதற்கும் தட்டினார்கள். இலங்கையிலும் எங்களைப் போன்ற ரசிகர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தலைவருக்கு ஒரே சந்தோசம்.

மாமா ரசிகரல்ல. சுன்னாகம் சந்தையடியில் ஹயர் ஓடினவர். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் காரைத் திட்டிக்கொண்டுதான் எடுப்பார். 1977 வரை வெளியிலிருந்து வாகனம் இறக்குவது கடினம் என்பதால் இருந்ததையே ஓட்டினார்கள். அந்த வருடம் இறக்குமதி திறந்துவிட்டதும் யப்பான் வண்டிகள் வரத் தொடங்கின. அதற்குப் பிறகு மாமாவின் கனவெல்லாம் ஒரு ஹையேஸ் வான். அந்தக் கனவுக்குக் காசு சேருமுன் நாட்டில் வேறு விசயங்கள் நடந்துவிட்டன. மொறிஸ் அவரோடு நின்றுவிட்டது. தேடிப்போய்ப் பிடித்த காதல் என்று அதை யாரும் சொல்லமுடியாது. பேசிச் செய்து, மாற்றிக்கொள்ள வழியில்லாமல் போன கலியாணம் போலத்தான்.

கிளப்பில் இலக்கத் தகட்டைப் பற்றி ஒரு முழுக் கூட்டமே கதைப்பார்கள். தகடு எந்தச் சிவப்பு, பழைய தகட்டைத் திரும்ப வாங்கலாமா, காரின் நிறத்தோடு சேருமா என்று. எங்களுக்கும் தகட்டைப் பற்றிக் கதைக்க இருந்தது. 1950களின் நடுப்பகுதி வரை இலங்கையில் பதிந்த வண்டிகளுக்கு, சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துத்தான் இலக்கத்துக்கு முன்னால் வரும்: சீ.வை., ஈ.எல்., ஈ.என். என்று. மாமாவின் கார் ஈ.என். 1957இல் புதிய தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமானது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. 1958இல் ஸ்ரீ இலக்கத்தோடு வடக்கே வந்த பஸ்களின் தகடுகளில் தார் பூசினார்கள். தெற்கிலே அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். அந்த மே மாதம் தாரோடு நிற்கவில்லை. ஈ.என். கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு நிம்மதி: தகட்டில் யாருடைய மொழியும் இல்லை, போய்விட்ட வெள்ளைக்காரனுடையதுதான். வண்டி பழசாக இருந்ததில் மாமாவுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். அதற்கு யாரிடமும் விண்ணப்பிக்கவும் இல்லை.

என் விண்ணப்பத்துக்கு முதல்படி, மெல்பேர்ண் தமிழர் றோட்வேர்தி என்கிற சான்றிதழ். 1949 ஜனவரிக்கு முன் செய்த வண்டி என்றால் கிளப்பே பரிசோதித்துச் சொல்லலாம். அதற்குப் பிந்தியவை உரிமம் பெற்ற பரிசோதகரிடம் போகவேண்டும். மொறிஸ் மைனர் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார்க் காட்சியில் முதன்முதல் வெளிவந்தது 1948 கடைசியில். பிறகு 1970களின் தொடக்கம் வரை செய்தார்கள். பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல். இத்தனையில் அந்தச் சலுகைக்குள் அடங்கக்கூடியவை முதல் சில மாதங்களில் பிறந்தவை மட்டும்.

பரிசோதகர் ஒரு இளம் பெடியன். காரை உயர்த்தி வைத்து, முன் சில்லுக்குப் பக்கத்தில் லைற் அடித்து நெடுநேரம் பார்த்தான். எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். மைனரின் முன் சில்லைத் தாங்கும் கீழ் இணைப்பு ஒரு புரியில் திரும்புவது. கிறீஸ் போடாமல் விட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு வெளிப்பக்கமாக மடிந்து கார் குந்திவிடும். மாமாவின் கார் அப்படி ஒருமுறை கொக்குவிலில், மாப்பிள்ளை வீட்டாரோடு குந்தியது. எல்லோரும் இறங்கி நின்று முகூர்த்தத்துக்கு நேரம் பார்த்தார்கள். மாமா ஜக் வைத்துத் தூக்கி, புரியைத் திரும்பக் கொளுவி, நெற்றியில் கறுப்போடு அவர்களை நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். பெடியன் என் காரின் புரியை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினான். பின்பு ரயரின் தவாளிப்பை அளந்தான். 1.5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மாமாவின் ரயரில் அளப்பதற்குத் தவாளிப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. துணி தெரியத் தொடங்கினால்தான் அது பழசு.

கடைசியில் என் கார் தேறாமல் போனது வைப்பர் றப்பரில். மழைத் தண்ணீரைச் சீராக வழிக்கவில்லையாம். புது றப்பர் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். மாமாவின் காரில் சாரதி பக்கத்து வைப்பர் மட்டும்தான் இருந்தது. மழை வந்தால் முன்னால் இருப்பவர் யன்னலுக்கு வெளியே கையை விட்டுத் துடைப்பார். அந்த இருக்கைக்கு ஆள் தெரிவதில் கைநீளமும் ஒரு தகுதி.

ஒப்பமிடும் நாளில் கிளப்பிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டபடி காரைச் சுற்றி வந்தார். எஞ்சின் அந்த வருடத்துக்குரியது, இருக்கைத் தோல் சரி, கதவுத் தூணிலிருந்து எட்டிப்பார்க்கும் திருப்புக்கையும் வேலை செய்கிறது. பின் கதவுப் பிடி மட்டும் பிந்திய வருடத்துக் காருடையது என்று கண்டுபிடித்தார். அதனால் அனுமதிக்குப் பங்கமில்லை, ஆனால் மனது கேட்கவில்லை அவருக்கு. "தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரியே இருக்கவேண்டும். அதுதான் இதற்கு மரியாதை" என்றார்.

தொழிற்சாலையை விட்டு வந்த கதையை அவரே தேநீர் குடிக்கும்போது சொன்னார். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டியைச் செய்து முடித்தபின் அது ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்தார். நீளவாக்கில் இரண்டாக வெட்டுவித்து, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். ஆரம்ப கால வண்டிகளின் பம்பரிலும் நடுவில் ஒட்டுத்துண்டு வைத்தார்கள்; ஏற்கெனவே செய்துவைத்த பம்பர்களை எறிய மனமில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இசிகோனிஸ்மேல் பெரிய மதிப்பு வந்தது. இந்த மனிதரைச் சுன்னாகத்துக் கராஜ் ஒன்றில் விட்டிருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

மாமாவின் காரும் வெட்டி ஒட்டியதுதான். ஒருகட்டத்தில் கியர்பெட்டி டட்சனுடையது, டைனமோ எதனுடையது என்று செய்தவருக்கே தெரியாது, சைலன்சர் பால்மாப் பேணித் தகடு சுற்றியது. இங்கே அப்படி மாற்றம் செய்த வண்டி என்றால், அரசு அங்கீகரித்த பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சான்று எழுதவேண்டும். எங்களூரில் அந்தச் சான்றைக் கார் தானே எழுதும். கோண்டாவிலைத் தாண்டிவிட்டால் பாஸ்.

போர்க்காலத்தின் விசித்திரம் ஒன்றை நான் இங்கே வந்தபிறகுதான் அறிந்தேன். பிரித்தானியாவில் பாத் நகரில் மொறிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், அந்தக் கார்களுக்கு உதிரிப்பாகம் செய்ய இலங்கையில் ஒரு தொழிற்சாலை தொடங்கியிருக்கிறார். ஆங்கிலேயரின் பழைய கார்களுக்கு இலங்கையில் புதுத் தகடு அடித்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அதே தீவின் வடமுனையில் மாமா பால்மாப் பேணியை வெட்டிக்கொண்டிருந்தார். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஆனையிறவால் மொறிஸின் மட்காட் மட்டுமா வராது, சவுக்காரமும் வராது.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைசெய்த பொருள், பற்றறியும் அப்படியே. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் பங்கீட்டுக்கு. அதற்குமேல் வேண்டுமென்றால் கறுப்புச் சந்தையில் போத்தல் கணக்கில். படிப்பதற்கு ஜாம் போத்தலில் திரி வைத்த விளக்கு. அந்த விளக்குக்குப் போக மிஞ்சியதில்தான் கார் ஓடியது.

மண்ணெண்ணெயில் கார் ஓடுமா என்று கிளப்பில் ஒருவர் கேட்டார். நான் சொன்ன விளக்கம் எல்லாம் மாமாவிடம் படித்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் முதலில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுப் பிடிக்கவைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தக் கொஞ்சப் பெற்றோலை மாமா மருந்துப் போத்தலில் வைத்துச் சாமியறைக்குள் பூட்டியிருந்தார். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் விட்டால் சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்கும். நாங்கள் ஆசைப்பட்ட யப்பான் எஞ்சின்கள் அப்படித்தான் முக்கின. மாமாவின் மைனர் 803 சிசி. அதன் அமுக்க விகிதம் 7.2க்கு 1. பின்தங்கிய எஞ்சின் என்பதால் பின்தங்கிய எண்ணெயைச் சண்டை பிடிக்காமல் குடித்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும். பின்னால் வெள்ளைப் புகை அரை வீதியை மறைக்கும். இருந்த பற்றறிக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அது பிளக்கில் பொறி தட்டினால் காணும் என்று எண்ணெய்ப் பம்பைக் கழற்றிவிட்டு, ஒரு பேணியை உயரத்தில் கட்டி, ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் குழாயால் எண்ணெயை இறக்கினார். ஸ்ராட் பண்ணுவது முன் பம்பருக்குள்ளால் இரும்பு ஹாண்டிலை விட்டுச் சுழற்றி.

நான் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் சத்தமில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "அப்படிச் செய்தால் வால்வு கெட்டுப்போகாதா?"

நியாயமான கேள்வி. இங்கே எல்லோருக்கும் வால்வுக் கவலைதான். 2002 ஜனவரியோடு அவுஸ்திரேலியாவில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெற்றோலில் இந்தப் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயும் என்று, ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் ஒரு சின்னப் போத்தலில் இருந்து மருந்து அளந்து விடுகிறார்கள். நானும் விடுகிறேன். சங்கக்கடை மண்ணெண்ணெயில் ஓடின இனம், இங்கே வந்து பத்தியச் சாப்பாடு கேட்கிறது.

மாமாவின் மண்ணெண்ணெய்ப் புகைக்குள்தான் ஊரின் அவசரங்கள் எல்லாம் போய் வந்தன. இரவில் யாருக்காவது நோவு கண்டால் மாமாவின் படலையில்தான் தட்டுவார்கள். அப்படி வந்த ஒருவரோடு நடந்த பேச்சு எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"அண்ணை, மகளுக்கு ஏலாமல் கிடக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"எண்ணெய் இருக்கோ தம்பி?"

"ஒரு போத்தல் கிடக்கு."

"ஒண்டு போறதுக்குக் காணும். வாறதுக்கு?"

"வாறதை அங்கை பாப்பம் அண்ணை."

லைற் போடக்கூடாது; மேலே விமானப் பயம், உள்ளே பற்றறிப் பயம். காங்கேசன்துறை வீதியின் ஒவ்வொரு குழியும் மாமாவுக்கு மனப்பாடம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தின பிள்ளை பின்னால், தாய் பக்கத்தில், உதவிக்கென்று ஏறின அயலவர்கள் மிச்ச இடத்தில். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு தலை தெரியும். இன்றைக்கு நான் வாழும் விக்ரோறியாவோ, உலகத்திலேயே முதன்முதலாக ஆசனப்பட்டி அணிவதைக் கட்டாயமாக்கிய இடம், அது 1970இல். மாமாவின் காரில் யாரும் எங்கும் எறியப்பட வாய்ப்பிருக்கவில்லை. எறிவதற்கு முதலில் அசைய வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெளியேறியபோது அந்தக் கார் நாவற்குழிப் பாலத்தை எஞ்சின் போடாமல் கடந்தது. சனநெரிசலில் அடி அடியாக நகர்வதற்கு எண்ணெயை எரிக்க மாமாவுக்கு மனமில்லை. உள்ளே அம்மம்மாவும் சட்டிபானைகளும், நாங்கள் தள்ளினோம். அன்றைக்கு அது காரே அல்ல, கூரையுள்ள தள்ளுவண்டி. ஆனாலும் ஒரு வேலை அதற்கு இருந்தது.

இப்போது என் மொறிஸின் வேலைக்கு வருகிறேன். சிவப்புத் தகட்டோடு தந்த புத்தகத்தை லொக் புக் என்கிறார்கள். காரை வெளியே எடுக்குமுன் அன்றைய திகதியை மையால் எழுதி ஒப்பமிடவேண்டும். எழுதாமல் வீதியில் பிடிபட்டால், பதிவில்லாத வண்டி ஓட்டிய குற்றம். எழுதிவிட்டால் அன்றைக்கு எத்தனை முறையும் போய்வரலாம். நிறுத்திவைக்கும் இடத்திலிருந்து 100 மீற்றருக்குள் ஓட்டுவதற்கு எழுதத் தேவையில்லை. அதனால் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் மாலை நேரங்களில் ஒரு காட்சியைக் காண்பார்கள்: மொறிஸ் வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டு, மூலைவீட்டு வேலி வரை போய், ஏதோ மறந்துவிட்ட மாதிரித் திரும்பிவரும்.

கிளப்பின் மூத்தவர்களைக் கேட்டால் இதுவே பெரிய சுதந்திரம் என்பார்கள். லொக் புக் வந்தது 2011இல். அதற்குமுன் கிளப் பேர்மிட் கார் பெரும்பாலும் கிளப் ஓட்டங்களுக்குத்தான். இப்போது நினைத்த நாளில் நினைத்த இடத்துக்குப் போகலாம், நாளைச் செலவழிக்க மனம் வந்தால்.

அந்த மனம் எங்கள் வீட்டில் இலகுவில் வருவதில்லை. பங்கீட்டில் வளர்ந்தவர்களிடம் ஒரு பங்கீட்டுப் புத்தகத்தைத் திரும்பக் கொடுத்தால் என்ன நடக்கும்? மனைவிதான் கணக்கைப் பார்க்கிறவள். "இஞ்சாருங்கோ, மரக்கறி வாங்கவோ ஒரு நாளைக் குடுக்கிறது? தேருக்கு வேணும், கலியாணம் ரெண்டு கிடக்கு. பாத்து எடுங்கோ" என்பாள். கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் காரை எடுத்த நாளில், எழுதின நாள் வீணாகக்கூடாது என்று, அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் அத்தனை பேர் வீட்டுக்கும் போய்விடுகிறோம். வருடக்கணக்கில் முகம் பார்க்காத ஆட்களோடு அந்தப் புத்தகம் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பெற்றோல் நிலையத்திலோ யாரும் அட்டை கேட்பதில்லை, குழாயைத் தூக்கினால் தாங்கி நிறையும் வரை ஓடுகிறது. அப்போது நாள் தாராளம், எண்ணெய் இல்லை. இப்போது எண்ணெய் தாராளம்.

ஒரு விசயத்தில் விதி இன்னும் இறுக்கம். இந்தக் காரைக் கூலிக்கு ஓட்டக்கூடாது. காசு வாங்கி ஆள் ஏற்றினால் அனுமதிக்கு முரண். சிநேகிதர் ஒருவர் மகளின் கலியாணத்துக்கு மொறிஸைக் கேட்டார். பொம்பிளையைக் கொண்டுவந்து இறக்கினேன். மாலையில் அவர் ஒரு கடித உறையைச் சட்டைப் பையில் திணிக்க வந்தார். நான் கையை உதறிய வேகத்தைப் பார்த்து, ஏதோ பழைய கோபம் என்று நினைத்துவிட்டார். கடைசியில் பயித்தம்பணியாரம் ஒரு பெட்டி தந்து சமாதானமானோம். பணியாரம் கூலியில் சேருமா என்று படிவத்தில் இல்லை. மாமாவின் கார் பிறந்ததிலிருந்து ஓடியதெல்லாம் கூலிக்கு. அந்தக் கூலியில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள்.

மாமாவின் கார் என்ன ஆனது என்று கிளப்பில் கேட்பார்கள். கொட்டிலுக்குள் பத்திரமாக நிற்கிறது என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி ஆட்கள் வந்தார்கள். மாமாவின் வாசலுக்கும் வந்தார்கள். பழசு என்பதற்காகக் கூடக் காசு தருகிறார்கள் என்பதை அவரால் முதலில் நம்பமுடியவில்லை. நம்பியதும் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. தடவிக் கொடுக்கவோ கண்கலங்கவோ இல்லை. காசை இரண்டு தரம் எண்ணி, அதில் ஓட்டோ ஒன்று வாங்கினார். எல்லாம் புது ஒரிஜினல் பார்ட்ஸ், ஒரு அடியில் ஸ்ராட். கடைசிக் காலம் வரை அதன்மேல்தான் அவருக்குக் காதல்.

அந்த ஓட்டோவை இப்போது மச்சான் ஓடுகிறான். 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, தொலைபேசியில் கியூஆர் காட்டித்தான் பெற்றோல் என்று ஆனபோது அவனோடு கதைத்தேன். தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், காருக்கு 20.

"அஞ்சு லீற்றரிலை என்னடா ஹயர் ஓடுறது?" என்றேன்.

"அப்பாவின்ரை கார் இருந்திருந்தால் இருவது கிடைச்சிருக்கும்" என்றான். பிறகு, "மச்சான், உன்ரை காருக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

"எண்ணெய்க்குக் கணக்கில்லை. வருசத்திலை தொண்ணூறு நாள்தான் ஓடலாம்."

"ஏன், ஆமிக்காரன் மறிக்கிறானோ?"

விளங்கப்படுத்தினேன். காசு கட்டிக் கிளப்பில் சேர்ந்து, காரை ஓட்டாமல் வைத்திருப்பதற்கு நானே கேட்டு வாங்கிய அனுமதி என்பதை அவன் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை ஒரு படம் அனுப்பினான். கொழும்பில் கலியாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற யாரோ போட்ட விளம்பரம். தந்த நிறப் பூச்சு, பூமாலை, ரிபன். தகட்டில் அந்த ஈ.என். இலக்கம். மணித்தியாலக் கணக்கில் கூலியாம். "அது இப்பவும் ஹயர்தான் ஓடுது" என்று கீழே எழுதியிருந்தான்.

போன கூட்டத்தில் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு இளம் உறுப்பினர் என்னைப் பிடித்தார். மழை நாள், ஒரு நாளை வீணாக்காமல், அன்றாடம் ஓடுகிற ரொயோட்டா கம்ரியில் போயிருந்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாம் கையாக வாங்கிய கார் அது. பூச்சு உரிந்து, பம்பர் ஒரு பக்கம் கயிற்றில் நிற்கிறது. மகள் தன் சிநேகிதிகளை அதில் ஏற்றமாட்டாள். அவர் அதைச் சுற்றி வந்து, கைபட்டால் பாவம் என்பதுபோல் குனிந்து பார்த்தார். "1990களில் அல்ரோனாவில் செய்ததல்லவா? அந்தத் தொழிற்சாலையே 2017 ஒக்ரோபரில் மூடிவிட்டது. இனி இப்படி ஒன்று வராது. 25 வருடம் தாண்டிவிட்டதே, ஏன் இதற்கும் சிவப்புத் தகடு எடுக்கக்கூடாது? முழுப் பதிவுக்கான ரெஜோ காசும் மிச்சம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். கம்ரியில் நான் விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகவேண்டும், அவள் முதியோர் இல்லத்தில் பின்னேர வேலைக்குப் போகவேண்டும், இடையில் பேரனைப் பள்ளியில் ஏற்றவேண்டும்.

"வயசு சரிதான்" என்றாள். "ஆனால் அதுக்கு வேலை கிடக்கே."

கம்ரிக்கு முழு ரெஜோ கட்டிவிட்டோம்.